பதினொன்று ஐம்பத்தேழு வெயில்

அந்த ஞாயிற்றுக்கிழமை தாராவியில் செல்வராணி அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். தினமும் அறுநூறு இட்லி அவித்து சைக்கிள்காரர்களிடம் கொடுத்தனுப்பும் செல்வராணி அக்கா. அவருடைய கணவர் பொன்னுத்துரை அண்ணாச்சி, இவர் பேசமாட்டார். சுவரோடு சுவராக அடுத்த வீட்டில் பர்ஸ் தைக்கும் பட்டறை வைத்திருக்கும் காஜா பாய். நான்காவது நான், டிஷ் மாட்டுகிற சுடலை.

ஐந்தாவதாகவும் ஒன்று இருந்தது. அது அறையில் இல்லை, முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. ஆனாலும் அதைச் சேர்த்துத்தான் எண்ணவேண்டும்.

கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது. மூன்று பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இட்லிப் பானையின் ஆவி தரைப் பலகை இடுக்கு வழியாக மேலே வந்தது. எனக்கு வேர்த்தது ஆவியால் இல்லை.

இன்னும் நாலு நிமிஷத்தில் படம் போய்விடும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

நாலு பேனா

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய ஏணிக் கதையைப் படித்துவிட்டு, செம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இவ்வளவு பயந்த ஆள் எதற்குக் கூரை ஏறுகிற வேலைக்கு வந்தீர்கள்?" நியாயமான கேள்வி. கீழே நின்றாலும் எனக்குப் பயம்தான். மேலே ஏறிப் பயந்தால் கூலி கிடைக்கிறது.

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சைக்குப் பேனா எழுதாமல் போய்விடுமோ என்று நாலு பேனா எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நாலும் எழுதாமல் போனால் என்ன செய்வது என்று வழியில் ஒரு யோசனை வந்தது. மாட்டுங்கா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அதை யோசித்தேன். யோசித்து முடிக்கும்போது பரீட்சை முடிந்திருந்தது. அந்த நாலு பேனாவும் அதற்குப் பிறகு பல வருஷம் நன்றாக எழுதின.

டிஷ் மாட்டக் கற்றுக்கொண்டது இரண்டே வாரத்தில். "தென்கிழக்கே திருப்பு, தலையை நிமித்து, சிக்னல் மீட்டர் கத்துற வரைக்கும் ஆட்டு" என்று கான்ட்ராக்டர் சொன்னார். ஏன் தென்கிழக்கு என்று அவர் சொல்லவில்லை. மற்ற பையன்கள் கேட்கவும் இல்லை. நான் கேட்டேன். "உனக்குச் சம்பளம் வேணுமா, பதில் வேணுமா?" என்றார்.

சம்பளத்தை வாங்கிக்கொண்டேன். கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

பக்கத்து வண்டி ஜன்னல்

யோசித்துப் பாருங்கள். ஒரு லாரி எடையில் சாட்டிலைட் என்று ஒரு பொருள் நம் தலைக்கு மேலே நிற்கிறது. கயிறு கிடையாது, கம்பம் கிடையாது. விழுந்தால்? விழாவிட்டாலும், கொஞ்சம் நகர்ந்தால்? நான் தாராவியில் மாட்டிய அத்தனை டிஷ்ஷும் ஒரே நாளில் குருடாகிவிடும். அத்தனை வீட்டு அக்காமாரும் என் வீட்டு வாசலில் நிற்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கம்பெனியின் சர்வீஸ் நம்பருக்குப் போன் போட்டேன். ஐரோலியில் உள்ள ஆபீஸில் தமிழ் பேசுகிற ஒரு பெண் எடுத்தாள். பெயர் மெர்சி.

"சொல்லுங்கண்ணே, உங்க பெட்டில என்ன பிராப்ளம்?"

"பெட்டில ஒண்ணும் இல்லம்மா. மேல நிக்குதே, அது விழுந்துராதே?"



"அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு?"

"தாராவி."

"அது ஏரியா. ஊரு?"

"நாங்குநேரிப் பக்கம்."

"நாங்க நாசரேத். சரி, டென்ஷன் மத் லோ, பயப்படாதீங்க. கேளுங்க. தாதர் ஸ்டேஷன்ல ஸ்லோ வண்டியும் ஃபாஸ்ட் வண்டியும் சேந்து கிளம்பும்லா? பக்கத்து வண்டி ஜன்னல்ல ஒருத்தி உக்காந்திருப்பா. ரெண்டு வண்டியும் ஒரே சீராப் போனா, அவ மூஞ்சி நமக்கு நேரா அப்படியே நிக்கும். பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்." மாட்டுங்கா பெஞ்சில் உட்கார்ந்த அன்றும் அப்படி இரண்டு வண்டி சேர்ந்து போவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

"அதான் கதை. பூமி ஒரு வண்டி. அது பக்கத்து வண்டி. பூமி ஒரு சுத்து சுத்தி முடிக்கதுக்குள்ள அதுவும் பூமியை ஒரு சுத்து சுத்தி வந்துரும். அதனால நமக்கு நிக்க மாதிரித் தெரியும். அது வெளிவட்டத்துல ஓடுதுல்லா, அதனால நம்மளவிட வேகமா ஓடணும். செகண்டுக்கு மூணு கிலோமீட்டர்."

செகண்டுக்கு மூன்று கிலோமீட்டர். மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு ஒரு செகண்டு கூட ஆகாது. பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

"அப்ப கீழ விழாதா?"

"விழுந்துக்கிட்டேதான் இருக்குண்ணே. ஆனா அது விழ விழ, அடியில பூமியும் வளைஞ்சு விலகிக்கிட்டே போவுது. ரெண்டும் சேரவே சேராது."

ஆறுதலுக்குப் போன் போட்ட எனக்கு, அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது என்று தெரிந்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

பீகாருக்கு வழி

ஏன் தென்கிழக்கு என்பதற்கு எங்கள் சந்தில் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. மும்பையிலிருந்து திருநெல்வேலி கிட்டத்தட்ட அந்தத் திசைதான். ஆகவே தமிழ்ச் சேனல் வேண்டுமானால் டிஷ் ஊரைப் பார்க்கவேண்டும் என்று எல்லாரும் நம்பினார்கள். "சுடல, நல்லா ஊருப் பக்கமாத் திருப்பி வையி" என்று சொல்லாத வீடு கிடையாது. நானும் தலையாட்டிவிட்டு அதே திசையில் வைப்பேன். கூலி வாங்குவேன்.

வினை காஜா பாய் வடிவில் வந்தது. அவர் பட்டறையில் தைக்கிற ஆறு பேரும் பீகார்க்காரர்கள். அவர்களுக்காக ஒரு டிஷ் வாங்கினார்.

"மக்கா, இத பீகார்ப் பக்கம் திருப்பு."

"பாய், எல்லாத்துக்கும் ஒரே திசைதான்."

"அரே, எனக்கே பாடமா? உங்க டிஷ் திருநெல்வேலியப் பாக்குது, தமிழ் வருது. என் ஆளுங்களுக்கு போஜ்புரி வேணும். காசு யாரு குடுக்கா?"

காசு அவர் கொடுத்ததால் வடகிழக்கே திருப்பினேன். அரை நாள் வெயிலில் நின்றோம். ஒரு புள்ளி கூட வரவில்லை. ஆறு பேரும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பாய் டீ குடிக்கப் போன நேரத்தில் தென்கிழக்கே திருப்பிவிட்டேன். போஜ்புரிப் பாட்டு காதைக் கிழித்தது.

பாய் திரும்பி வந்து டிஷ்ஷைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். "அப்ப பீகாருக்கே திருநெல்வேலி வழியாத்தான் போவணுமா?" என்றார். அன்றிலிருந்து அவருக்கு எங்கள் ஜில்லா மேல் தனி மரியாதை. மேலப்பாளையத்துக்காரர் என்பதால் அது அவருடைய ஜில்லாவும்தான்.

வானத்திலும் இடப் பஞ்சம்

உண்மையான காரணத்தையும் மெர்சிதான் சொன்னாள். இப்படி நின்ற இடத்தில் நிற்பதுபோல் தெரியவேண்டுமானால் பூமியின் நடு இடுப்புக்கு மேலே, பூமத்திய ரேகைக்கு நேரே மட்டும்தான் சுற்ற முடியும். வேறு எப்படிச் சுற்றினாலும் வடக்கும் தெற்குமாக ஊசலாடும். அதுவும் அந்த ஒரே உயரத்தில்தான். கொஞ்சம் இறங்கினால் நம்மை முந்திவிடும், கொஞ்சம் ஏறினால் பின்தங்கிவிடும். நாம் வடக்கே இருக்கிறோம், அது தெற்கே, நமக்குக் கொஞ்சம் கிழக்கே தள்ளி நிற்கிறது. நடுவில் திருநெல்வேலி தற்செயலாக மாட்டிக்கொண்டது.

ஆக, வானம் அவ்வளவு பெரிதாக இருந்தும் இதற்கு இருப்பது ஒரே ஒரு சந்து. உலகத்தில் எல்லா நாட்டுக்காரனும் அந்தச் சந்தில்தான் இடம் பிடிக்கவேண்டும். எண் போட்டு இடம் கொடுக்கிறார்களாம். பழசாகி எண்ணெய் தீர்ந்ததை இன்னும் மேலே ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் புதுசைக் குடிவைப்பார்களாம். கேட்டபோது எனக்கு ரொம்ப நெருக்கமாக இருந்தது. தாராவியில் பிறந்தவனுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம்.

அந்தத் தெம்பில்தான் நான் என் வாழ்க்கையின் பெரிய தப்பைச் செய்தேன். மாட்டுங்காவில் ஓர் அச்சகத்தில் இருநூறு கார்டு அடித்தேன். "சுடலை டிஷ் சர்வீஸ். ஆயுள் கேரண்டி. சாட்டிலைட் இடம் மாறாதவரை படம் போகாது."

சாட்டிலைட் இடம் மாறவில்லை. அதற்கு முன்னால் ஒரு கட்டடம் வந்து நின்றது.

இருபத்துமூன்று மாடி

எங்கள் சந்துக்கு முப்பது அடி தள்ளி, சரியாகத் தென்கிழக்கில், மாடி மாடியாக ஒரு டவர் ஏறியது. மாசி மாதக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை காலையில் அது செல்வராணி அக்காவின் டிஷ்ஷை மறைத்தது.

அக்கா ஆள் அனுப்பவில்லை. தானே வந்தார், கையில் என் கார்டோடு.

"ஏல சுடல, இது உன் கார்டுதான?"

"ஆமாக்கா."

"படம் போவாதுன்னு போட்டிருக்க. போயிட்டு."

"அக்கா, சாட்டிலைட் அங்கனயேதான் நிக்கு. கட்டடம் வந்துட்டு. கார்டுல கட்டடத்தப் பத்தி எழுதலியே."

"எழுதிருக்கணும்லா? ஞாயித்துக்கெழமைக்குள்ள எனக்குப் படம் வரணும்."

"ஞாயித்துக்கெழம என்னக்கா?"

"என்னவும் இல்ல. உங்க அண்ணாச்சி நியூஸ் பாக்கணும்."

அண்ணாச்சி நியூஸ் பார்த்து யாரும் பார்த்ததில்லை. அவர் டிவி பக்கம் திரும்பி உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார், அவ்வளவுதான்.

விஷயத்தைக் காஜா பாய்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்குத் தமிழ்ச் சேனல் ஒன்றில் வெளிமாநிலத் தமிழ்ப் பெண்கள் சமைக்கிற நிகழ்ச்சி. போன மாதமே எடுத்து வைத்தது. அதில் லட்சுமி வருகிறாள்.

லட்சுமி அக்காவின் ஒரே மகள். ஒன்றரை வருஷம் முன்பு, அம்பர்நாத்தில் கெமிக்கல் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒரு மராத்திப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். கல்யாணத்துக்கு அக்கா போகவில்லை. அதற்குப் பிறகு பேசவும் இல்லை. தாராவியிலிருந்து அம்பர்நாத்துக்கு வண்டியில் ஒன்றரை மணி நேரம். அக்கா அதை முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஆக்கி வைத்திருந்தார்.

"போன்ல பாக்கலாம்லா பாய்? யாருட்டயாவது கேட்டா..."

"கேப்பாளா அவ? கேட்டா மகளப் பாக்க ஆசைன்னு ஆயிரும். அவ வீட்டு டிவில தானா வந்தா, அது வந்ததுதான. புரியுதா மக்கா? உன் கையிலதான் இருக்கு."

என் கையில் எதுவுமே இருக்கக் கூடாது என்றுதான் நான் பிறந்ததிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை செத்த படம்

வியாழன் முழுக்க அக்கா வீட்டுக் கூரையில் டிஷ்ஷைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். எங்கே வைத்தாலும் டவர். டவருக்கும் அதன் பக்கத்தில் நின்ற தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு ஒடுக்கமான இடைவெளி உண்டு. அதன் வழியாகச் சாட்டிலைட் தெரியும் என்று மனசு சொன்னது. எந்த இடத்தில் நின்றால் தெரியும்? சாட்டிலைட்டைக் கண்ணால் பார்க்க முடிந்தால் ஒரு நிமிஷ வேலை. அதுதான் முடியாதே.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அடுத்த சந்தில், நல்லாப் படம் வருகிற ஒரு வீட்டில் ஒயர் மாற்றிக்கொண்டிருந்தேன். பதினொன்று ஐம்பத்தைந்து இருக்கும். நான் தொடாத பெட்டியில் படம் நின்றது. பக்கத்து வீட்டிலும் "போயிட்டு!" என்று சத்தம். அதற்கு அடுத்த வீட்டிலும்.

விழுந்துவிட்டது என்று முடிவு செய்தேன். ஏணியில் பாதியில் நின்றபடி மெர்சிக்குப் போன் போட்டேன்.

"மெர்சி, அது விழுந்துட்டு!"

"அண்ணே, எங்கயும் விழல. சன் அவுட்டேஜ். வருஷத்துக்கு ரெண்டு வாட்டி, அஞ்சாறு நாள் இப்படி வரும். சூரியன் கரெக்டா சாட்டிலைட்டுக்குப் பின்னால வந்து நிக்கும். சாட்டிலைட் பேசுறது மெதுவா. சூரியன் கத்துறது பெருசு. ரெண்டும் ஒரே திசைல நின்னா டிஷ்ஷு காதுல எது விழும்? ஒரு எட்டு நிமிஷம் பொறுங்க. சூரியன் நகந்துரும், படம் வந்துரும்."

எட்டு நிமிஷத்தில் வந்தது.

நான் ஏணியை விட்டு இறங்கவில்லை. ஏதோ ஒன்று மண்டைக்குள் திரும்பியது. சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் நிற்கிறது. அப்படியென்றால் அந்த நேரத்தில் வெயில் வருகிற வழிதான் சாட்டிலைட் பார்க்கிற வழி. அந்த நேரத்தில் கூரையில் எங்கே வெயில் விழுகிறதோ, அங்கே டிஷ் வைத்தால் படம் வரும். எங்கே டவர் நிழல் விழுகிறதோ, அங்கே வராது.

மறுபடி மெர்சிக்குப் போன் போட்டு அதைச் சொன்னேன்.

"அண்ணே, நீங்க எத்தனாப்பு வர படிச்சீங்க?"

"எட்டு."

"பொய் சொல்லாதீங்க."

வாழ்க்கையில் என்னை அப்படி யாரும் திட்டியதில்லை.

ஒரு இட்லித் துணி அளவு

சனிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கே கூரையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அக்கா கீழேயிருந்து, "வேலையச் செய்யாம வெயில் காயுதான் பாரு" என்றார். விளக்கினால் நேரம் போய்விடும் என்று பேசாமல் இருந்தேன்.

கூரை முழுக்க டவர் நிழல். நிமிஷம் நகர நகர நிழல் ஊர்ந்தது. பதினொன்று ஐம்பத்தேழுக்கு, டவருக்கும் தொட்டிக்கும் நடுவிலிருந்து ஒரு துண்டு வெயில் இறங்கியது. ஒரு இட்லித் துணி அளவுதான். அக்காவின் கூரையில் விழவில்லை. சுவர் தாண்டி, காஜா பாயின் சிமெண்ட் தளத்தில், தோல் துண்டுகள் காய்கிற இடத்தில் விழுந்தது. சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டுவிட்டேன்.

அக்காவுக்கும் பாய்க்கும் நாலு வருஷமாகச் சண்டை. அக்கா வீட்டு கிரைண்டர் சத்தம் பாய்க்கு ஆகாது. பாய் பட்டறையின் பசை வாசம் அக்காவுக்கு ஆகாது. இட்லியில் பர்ஸ் வாசம் அடிக்கிறது என்று மாட்டுங்காவில் ஒரு வாடிக்கையாளர் சொன்னதிலிருந்து இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

"பாய்ட்ட கேளு, ரெண்டடி இடம் தருவாரான்னு" என்றார் அக்கா. பாய் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அவகிட்ட சொல்லு, இடத்துக்கு வாடகை வேண்டாம். ஞாயித்துக்கெழம எனக்கும் அந்த ரூம்ல ஒரு நாற்காலி போடணும். அந்தப் பிள்ளைய நான் தூக்கி வளத்திருக்கேன்."

அக்கா கீழே இறங்கிப் போனார். இரண்டு நிமிஷம் கழித்து ஒரு நாற்காலி மாடி ஏறியது. அதைத் தூக்கி வந்தவர் அண்ணாச்சி.

சாக்பீஸ் கோட்டுக்குள் டிஷ்ஷை மாட்டினேன். சூரியன் விலகும்வரை ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு ஐந்துக்கு மீட்டர் கத்தியது. படம் கண்ணாடி மாதிரி வந்தது. அதற்குள் வெயில் கோட்டைத் தாண்டி நகர்ந்து போயிருந்தது. டிஷ் மேல் நிழல் விழுந்துவிட்டது. ஆனால் படம் போகவில்லை. சூரியன் வழி காட்டிவிட்டுப் போய்விட்டது. சாட்டிலைட் அந்த இடைவெளியிலேயே நின்றது.

புது ஸ்டாண்டு, இருபது மீட்டர் ஒயர், கூலி எல்லாம் சேர்த்து அறுநூற்றைம்பது என்றேன். "நாளைக்குப் படம் பாத்துட்டுத் தாரேன்" என்றார் அக்கா.

கம்ப்ளைன்ட் நம்பர் கிடையாது

அன்று சாயங்காலம் மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். மல்லிகைப்பூ வாசம், வடை எண்ணெய் வாசம், வாழ்க்கையில் முதன்முறையாக மனசில் ஒரு கவலையும் இல்லை. கவலை இல்லையே என்று கவலைப்பட ஆரம்பித்த நிமிஷத்தில் உறைத்தது.

இன்றைக்குப் பதினொன்று ஐம்பத்தேழுக்கு வந்த சூரியன் நாளைக்கும் அதே நேரத்துக்கு வரும். நிகழ்ச்சி பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரை வரை.

"மெர்சி, நாளைக்கு ஒரு நாள் மட்டும் எதாவது..."

"அண்ணே, சூரியனுக்குக் கம்ப்ளைன்ட் நம்பர் கிடையாது."

"மேகம் வந்தா?"

"மேகம் மறைச்சாலும் அதோட சத்தம் மறையாது. நிகழ்ச்சி ஒரு மணி நேரம், கட்டாவறது எட்டே நிமிஷம். அந்த எட்டு நிமிஷத்துலயா அவங்க மக வரப்போறா? சும்மா இருங்க."

அந்த எட்டு நிமிஷத்தில்தான் வருவாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

நின்ற முகம்

ஆக, ஞாயிற்றுக்கிழமை. பதினொன்று ஐம்பது. முதலில் ஹைதராபாத்திலிருந்து ஓர் அம்மா புளியோதரை செய்து முடித்திருந்தார். ஐம்பத்தொன்றுக்கு அறிவிப்பு: "அடுத்து, மும்பை அம்பர்நாத்திலிருந்து லட்சுமி!"

அக்கா வெங்காயத்தைக் கையில் எடுத்தார். உரிக்கவில்லை.

லட்சுமி சிரித்தாள், பாவ் பாஜி மசாலா வைத்த தோசை சுடப்போவதாகச் சொன்னாள். "தோசையாம்" என்றார் அக்கா, யாரிடமும் இல்லாமல். லட்சுமி கரண்டியில் மாவை எடுத்தாள். கல்லுக்கு மேலே கொண்டுவந்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள்.

பதினொன்று ஐம்பத்துநாலு. நின்றது.

எங்கள் பெட்டிகளில் கடைசியாக வந்த படம் அப்படியே உறைந்து நிற்கும், அடியில் சிக்னல் இல்லை என்று ஒரு பட்டை வரும். லட்சுமி வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி நின்றாள். கரண்டியிலிருந்து வழிந்த மாவு அந்தரத்தில் நின்றது.

"அக்கா, டிஷ்ஷு நல்லாத்தான் இருக்கு. அது சூரியன். எட்டே எட்டு நிமிஷம்..."

"சும்மா இரில."

அக்கா எழுந்து டிவிக்குக் கிட்டே போனார். முந்தானையால் திரையைத் துடைத்தார். தூசி ஒன்றும் இல்லை. அப்படியே நின்று பார்த்தார்.

"ஆளு மெலிஞ்சிட்டா" என்றார் காஜா பாய்.

"மெலியல பாய். டிவில அப்படித்தான் தெரியும்." நாலு வருஷத்தில் அவர் பாயிடம் நேராகப் பேசியது அன்றுதான். "கன்னம் நல்லாத்தான் இருக்கு. நெத்தில என்ன, தழும்பா? எண்ணெ தெறிச்சிருக்கும். சொன்னாக் கேக்க மாட்டா, கிட்டப் போயி நிப்பா."

இரண்டு நிமிஷம். மூன்று நிமிஷம். ஓடுகிற படத்தில் ஒரு முகத்தை யாரும் இவ்வளவு நேரம் பார்க்க முடியாது. பக்கத்து வண்டி ஜன்னலில் நின்ற முகம்போல அது எங்களுக்கு நேராக நின்றது.

அக்கா திடீரென்று குனிந்தார். "அந்தக் கம்மல் யாருது?"



"உன்னுது" என்றார் பொன்னுத்துரை அண்ணாச்சி.

நான் அந்தச் சந்தில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். அவர் குரல் அவ்வளவு மெல்லியது என்று அன்றுதான் தெரியும்.

அக்கா மெதுவாகத் திரும்பினார். "காணும் காணும்னு மாவுச் சட்டி பூராத்தையும் கவுத்துத் தேடுனேனே. ஒரு நா மாவு பூரா போச்சே. அப்ப நீரு பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சிக்கிட்டுத்தான இருந்தீரு?"

அண்ணாச்சி பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டார்.

பன்னிரண்டு இரண்டுக்குச் சூரியன் நகர்ந்தது, படம் வந்தது. அதற்குள் தோசை சுட்டாகிவிட்டது. நடுவர் தின்றுகொண்டிருந்தார். லட்சுமி கை கூப்பினாள். கைதட்டல். அடுத்து ஹூப்ளியிலிருந்து யாரோ.

மகள் சமைத்ததை அம்மா பார்க்கவே இல்லை. நான் செருப்பை எந்தப் பக்கம் கழற்றினேன் என்று யோசித்தேன். இறங்கி ஓடுவதற்கு அது தெரியவேண்டும்.

"அந்தப் போனக் கொண்டாரும்" என்றார் அக்கா.

அண்ணாச்சி பட்டன் போனை எடுத்து, பத்து எண்ணையும் பார்க்காமலே அழுத்தி அவர் கையில் கொடுத்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"மாவு தண்ணியாட்டு இருந்துச்சு" என்றார் அக்கா.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் வார்த்தை. அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா, எங்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. அக்கா ரொம்ப நேரம் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், "பாத்தேன், பாத்தேன். கரண்டிய அவ்வளவு ஒசரத்துல தூக்கக் கூடாது. கம்மல் ஒனக்கு நல்லாத்தான் இருக்கு. வாறதுன்னா வெயிலுக்கு முன்னால வந்துருங்க, அந்தப் பையனுக்கு ஒறைப்பு ஆவுமா?" என்றார்.

காஜா பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கு அவருக்கும் பசை வாசம் ஆகவில்லைபோல.

பிடித்தம்

இறங்கும்போது அக்கா ஐந்நூறு ரூபாய் கொடுத்தார்.

"அறுநூத்தம்பதுக்கா."

"எட்டு நிமிஷம் படம் நின்னுச்சுல்லா? அதுக்குப் பிடித்தம்."

"அக்கா, அந்த எட்டு நிமிஷந்தானக்கா..."

"கார்டுல என்ன போட்டிருக்க? எடுத்துப் படி. படம் போவாதுன்னுதான? போச்சா இல்லியா?"

எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கு அதற்கு மேல் வாதாடத் தெரியவில்லை. மிச்சமிருந்த கார்டுகளை அன்றைக்கே கிழித்துப் போட்டேன்.

இப்போது லட்சுமியும் அந்தப் பையனும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார்கள். டிஷ் காஜா பாயின் தளத்தில் சாக்பீஸ் கோட்டுக்குள்ளேயே நிற்கிறது. கோடு அழிந்துவிட்டது. மாசிக் கடைசியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை, அந்த ஒரு துண்டு வெயில் வந்து டிஷ் மேல் எட்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகிறது. அந்த நாட்களில் நானும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே போய் நிற்பேன். அக்கா இட்லி கொடுப்பார். சட்னி கொடுப்பார். இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்று கேட்பார்.

செல்வராணி அக்கா எனக்குத் தரவேண்டிய பாக்கி, நூற்றைம்பது ரூபாய்.